மட்டையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நில்லுங்கள்: சின்னப் பிள்ளைகளோடு விளையாடத் தொடங்கும் அப்பாக்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை, புது பிளாஸ்டிக் மட்டையும் பந்துமாக ஓர் அப்பா கீழே இறங்குகிறார். நான்கு வயதுப் பையன் துள்ளிக்கொண்டு பின்னால் வருகிறான். ஐந்தாவது நிமிடம்: "மட்டையை நேராப் பிடிடா." பத்தாவது நிமிடம்: "பந்தைப் பாருன்னு எத்தனை தடவை சொல்றது?" கால் மணி நேரத்தில் பையன் மட்டையைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்து எறும்பு பார்க்கிறான். அடுத்த வாரம் மட்டை பரணில் ஏறிவிடுகிறது. "அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்லப்பா" என்று அப்பாவும் முடித்துக்கொள்கிறார்.

பையனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அப்பா கூட விளையாடுவார் என்று நம்பி வந்தான், வந்த இடத்தில் கோச் நின்றுகொண்டிருந்தார். சுமார் இரண்டு வயதிலிருந்து எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளோடு வெளியே விளையாடத் தொடங்க நினைக்கும் அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் பள்ளியில் பந்தையே தொடாதவராக இருந்தாலும் பரவாயில்லை. சொல்லப்போனால் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது சுலபம். திருத்த வேண்டும் என்று கை பரபரக்காது.

நேரம்

வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் என்பதைவிட, வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம் நல்லது. சின்னப் பிள்ளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆட்டத்தில் மனம் நிற்காது, உங்களுக்கும் முதுகு தாங்காது. எந்த நாள், எத்தனை மணி என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். "அப்பா வந்ததும் விளையாடலாம்" என்பதில் நேரம் இல்லை. "பால் குடிச்சதும் இறங்கறோம்" என்பதில் இருக்கிறது.

நம் ஊர் வெயிலுக்குக் காலை ஆறரை முதல் எட்டுக்குள், இல்லாவிட்டால் மாலை ஐந்துக்குப் பிறகு. மாலை என்றால் வெளிச்சத்தையும் கணக்கில் எடுங்கள். சென்னையில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். ஜூலையில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு வீடு வருபவர்கள் மாலையைப் பிடித்துத் தொங்க வேண்டாம். காலையில் பள்ளி வேனுக்கு முன்னால் இருபது நிமிடம் கிடைத்தாலும் போதும்.

எவ்வளவு விளையாட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஓர் அளவு சொல்கிறேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைத்து எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அதில் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஐந்து வயதுக்கு மேல், நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேர ஓட்டம். இதில் உங்கள் பங்கு அரை மணி நேரம்தான் என்று நினைத்தால் பயம் குறையும்.

கண்ணுக்கும் இதில் லாபம் உண்டு. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, அப்படி வெளியே போகாத பிள்ளைகளைவிட இவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் குறைவு. கண்ணாடிக் கடையில் எட்டு வயதுப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

போன்? வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முடியாது என்றால் பையில், சத்தத்தை அணைத்து. வீடியோ எடுக்க ஆரம்பித்தால் பிள்ளை கேமராவைப் பார்க்குமே தவிர பந்தைப் பார்க்காது.

இடம்

மைதானம் தேடி நாளைக் கடத்தாதீர்கள். அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடம், கோயில் பக்கத்துத் திடல், தெருக்கோடியில் விற்காமல் கிடக்கும் மனை, எது கிடைத்தாலும் தொடங்கலாம். கார் நிறுத்துமிடம் என்றால் ஒரு விதி: வண்டி எடுப்பவர்களுக்குத் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தெரியாது. நடமாட்டம் இருக்கும் பக்கம் நீங்கள் நில்லுங்கள், பிள்ளை சுவர் பக்கம் நிற்கட்டும்.

மொட்டை மாடியில் பந்து ஆட்டம் வேண்டவே வேண்டாம். கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்பளவு இருக்கிறது என்று தைரியம் கொள்ள முடியாது. தண்ணீர்த் தொட்டித் திண்டும் பழைய நாற்காலியும் இருக்கும் மாடியில் பந்து விழுந்த இடத்தை எட்டிப் பார்க்கப் பிள்ளை எதில் வேண்டுமானாலும் ஏறும். மாடிக்கு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன: சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பாண்டி, தண்ணீர்த் துப்பாக்கி, சாயங்காலம் கிளிகளை எண்ணுவது.

பெரிய ஊர்களில் மாவட்ட விளையாட்டு அரங்கங்களை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், திருச்சி அண்ணா விளையாட்டரங்கம், கோவை நேரு விளையாட்டரங்கம், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம் எல்லாம் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் ஓடுதளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், ஓரத்துப் புல்வெளியோ மண்ணோ காலியாகக் கிடக்கும். நுழையும் நேரத்தையும் கட்டணத்தையும் வாசலில் ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவில் இரும்புச் சறுக்கு மரம் இருந்தால் பிள்ளையை ஏற்றும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கும் அது சுட்டுக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் சறுக்கும் சுடும், நாம்தான் கவனிப்பதில்லை.

பையில் என்ன

ஒரு துணிப்பை போதும். அதில் இவை இருக்கட்டும்:

- கைக்கடக்கமான ஸ்பாஞ்சு பந்து ஒன்று, பெரிய ரப்பர் பந்து ஒன்று
- இரண்டு மூன்று சுண்ணக்கட்டி
- தண்ணீர் பாட்டில், பிள்ளைக்குத் தனியாக
- பழைய துண்டு, மாற்றுச் சட்டை
- சின்ன சோப்பு, பஞ்சு, ஒட்டும் பிளாஸ்திரி
- இரண்டு வாழைப்பழம்

கால்பந்து வாங்குவதாக இருந்தால் எட்டு வயதுக்குக் கீழே 3-ஆம் எண் பந்து. பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தைப் பிள்ளை உதைத்தால் பந்து நகராது, கால்தான் வலிக்கும். கிரிக்கெட்டுக்கு லெதர் பந்தும் கார்க் பந்தும் இந்த வயதில் கிட்டவே வரக்கூடாது. லெதர் பந்து 156 கிராமுக்கு மேல் இருக்கும், டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த டென்னிஸ் பந்துகூட வேகமாக வந்தால் வலிக்கும்.

குளிர்பானமும் சிப்ஸும் 'விளையாடியதற்குப் பரிசு' என்று பழக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மோர் போதும்.

முதல் இரண்டு வாரம்: எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள்

இதுதான் கஷ்டமான பகுதி. கீழே இறங்கியதும் "என்ன விளையாடலாம்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பையைத் திறந்து தரையில் கொட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் இன்றைய ஆட்டம். மட்டையை எடுத்து மண்ணைத் தோண்டினால் நீங்களும் தோண்டுங்கள். பந்தை வாளியில் போட்டு எடுப்பதே விளையாட்டு என்றால் அதுவும் சரி.

ஓடச் சொன்னால் ஓடுங்கள். திருடன் போலீஸில் நீங்கள்தான் திருடன் என்றால் திருடன்தான். விதி நடுவில் மாறும், மாற்றியவரிடம் "இப்ப புது ரூலா?" என்று விளையாட்டாகக் கேட்டுக்கொள்ளுங்கள், வாதாட வேண்டாம். மூன்று வயதில் விதியை உண்டாக்குவதே பாதி விளையாட்டு.

இந்த இரண்டு வாரத்தில் உங்கள் வாயில் வரக்கூடாத சொற்கள்: "அப்படி இல்ல", "இப்படிப் பிடி", "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு". பாராட்டுவதிலும் கொஞ்சம் கை இறுக்கமாக இருங்கள். ஒவ்வொரு பந்துக்கும் "சூப்பர்டா" என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். பார்த்ததைச் சொன்னாலே போதும்: "அந்தப் பந்து கேட்டைத் தாண்டிப் போச்சே!" பிள்ளை திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நீங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

கட்டிப் புரளும் விளையாட்டையும் ஒதுக்காதீர்கள். புல்வெளியில் யானைச் சவாரி, தோளில் தூக்கிச் சுற்றுவது, 'அப்பாவைத் தள்ளு பார்க்கலாம்' என்று மல்லுக்கட்டுவது எல்லாம் பிள்ளைகளுக்கு உயிர். ஒரே நிபந்தனை, "போதும்" என்ற சொல் யார் வாயிலிருந்து வந்தாலும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். கிச்சுகிச்சு மூட்டும்போது பிள்ளை சிரித்துக்கொண்டேதான் "வேணாம்பா" என்கும். அப்போதும் நிறுத்துங்கள். இன்னொன்று, சின்னப் பிள்ளையை ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கிச் சுற்றாதீர்கள், முழங்கை மூட்டு விலகிவிடும். அக்குளுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துத் தூக்குங்கள்.

பந்து

பந்தைப் பிடிப்பது எவ்வளவு கடினமான வேலை என்று நமக்கு மறந்துவிட்டது. வரும் பந்தைக் கண் தொடர வேண்டும், எங்கே வந்து சேரும் என்று ஊகிக்க வேண்டும், சரியான நேரத்தில் கை மூட வேண்டும். மூன்று வயதில் இது மூன்றும் சேராது. அதனால் வரிசையாகப் போகலாம்.

இரண்டு வயதில் எதிரெதிரே காலை அகட்டி உட்கார்ந்து பெரிய பந்தை உருட்டுவது மட்டும். மூன்று வயதில் பலூன். மெதுவாக இறங்குவதால் கண்ணுக்கு நேரம் கிடைக்கும். வெடித்த பலூன் துண்டை உடனே பொறுக்கிவிடுங்கள், வாயில் போட்டால் தொண்டையை அடைத்துக்கொள்ளும். நான்கு வயதில் பெரிய ரப்பர் பந்தை ஒருமுறை தரையில் தட்டி வரும்படி போடுங்கள். பிள்ளை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கும். அது முறையான பிடிதான், தவறில்லை. சின்னப் பந்தை விரல்களால் பிடிப்பது ஐந்து, ஆறு வயதில் தானாக வரும்.

பந்து வரும்போது பிள்ளை கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? கை மட்டும் முன்னால் நீட்டியபடி நிற்கும். பந்து கைக்குள்ளேயே விழுந்து வெளியே தெறிக்கும். "கண்ணைத் திற" என்று கத்தி இது சரியாகாது. முகத்தில் படும் என்ற பயம் அது. வீட்டில் இரண்டு சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்குங்கள். இரண்டு எட்டு தள்ளி நின்று, கையைத் தாழ்த்தி, வயிற்றை நோக்கிப் போடுங்கள். போடும் முன் "ரெடியா?" என்று கேட்டு, தலையாட்டிய பிறகு போடுங்கள். சாக்ஸ் முகத்தில் பட்டால் சிரிப்பு வருமே தவிர வலிக்காது. பயம் போனதும் கண் தானே திறந்துகொள்ளும். வெளியே ஆடும்போது சூரியன் பிள்ளையின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கண் கூசுவதை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

மட்டைக்கு வருவோம். மட்டையைத் தரையில் ஊன்றினால் கைப்பிடி பிள்ளையின் இடுப்பைத் தாண்டக்கூடாது. முதலில் வீசிய பந்தை அடிக்கவே வேண்டாம். காலி டப்பாவைக் கவிழ்த்து அதன் மேல் பந்தை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அடித்தால் பந்து பறக்கும், டப்பா விழுந்தால் இன்னும் சந்தோஷம். சில வாரம் கழித்துத் தரையோடு உருட்டிப் போடுங்கள், அப்புறம் ஒரு தட்டு தட்டி வரும் பந்து.

பிள்ளையைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு பெரிய வட்டம் போடுங்கள். மட்டை கையில் இருக்கும்போது அந்த வட்டத்துக்குள் யாரும் வரக்கூடாது. பின்னால் ஓடிவரும் தங்கச்சிப் பாப்பாவின் நெற்றி, மட்டை சுழலும் உயரத்தில்தான் இருக்கும்.

தெருவில் பெரிய பையன்கள் ஆடும்போது உங்கள் பிள்ளையும் சேரத் துடித்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவுட் கிடையாது, ரன் கணக்கில் சேராது, ஆனால் பந்து பொறுக்கலாம், கடைசியில் இரண்டு பந்து ஆடலாம். எவ்வளவு நல்ல ஏற்பாடு! பெரிய பையன்கள் ஒன் பிட்ச் கேட்ச், ட்ரையல் பால் என்று வாதாடுவதைக் கேட்டே பிள்ளை விதிகளைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் உள்ளே புகுந்து நடுவர் ஆகிவிடாதீர்கள், ஆட்டம் கலைந்துவிடும்.

சைக்கிள்

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்வதில் இதற்கு ஈடு வேறில்லை என்பது என் கட்சி. நம் தலைமுறையில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு, முழங்கால் தேய்ந்து கற்றோம். இப்போது அவ்வளவு ரத்தம் சிந்தத் தேவையில்லை.

முதலில் அளவு. "வளர்ந்தா சரியாயிடும்" என்று சட்டை வாங்குவது போலச் சைக்கிள் வாங்கக்கூடாது. இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும். மூன்று வயதுக்குப் பெரும்பாலும் 12 அங்குலச் சக்கரம், நான்கிலிருந்து ஆறு வரை 14 அல்லது 16 அங்குலம், அதற்கு மேல் 20. உயரம் பிள்ளைக்குப் பிள்ளை மாறுவதால் கடைக்குப் பிள்ளையையும் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பாருங்கள். தெரிந்த வீட்டில் சும்மா நிற்கும் பழைய சைக்கிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

சைடு வீலைக் கழற்றிவிடுங்கள். அது இருக்கும்வரை பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓட்டும். பேலன்ஸ் வரவே வராது. கூடவே இரண்டு பெடலையும் கழற்றுங்கள். சைக்கிள் கடையில் ஐந்து நிமிட வேலை. நீங்களே செய்வதானால் ஒன்று நினைவிருக்கட்டும்: வலது பெடல் வழக்கம் போல இடஞ்சுழியாகத் திருகினால் கழலும், இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதை வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இது தெரியாமல் முக்கி முக்கி மரையைக் கெடுத்தவர்கள் பலர்.

பெடல் இல்லாத சைக்கிளில் பிள்ளை உட்கார்ந்து காலால் தரையை உந்தி நடக்கட்டும். முதல் இரண்டு மூன்று நாள் வெறும் நடைதான். பிறகு எட்டு நீளும். அப்புறம் ஒரு நாள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நாலடி தூரம் வழுக்கிப் போகும். அந்த நாலடிதான் பேலன்ஸ். அது பத்து இருபது அடியாகும்வரை பெடலைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள். லேசான சரிவு கிடைத்தால் சீக்கிரம் வரும்.

இந்த நாட்களிலேயே பிரேக்கும் பழகிவிட வேண்டும். பின் சக்கர பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்று நீங்கள் ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கையில் ஒரு கலர் ரிப்பன் கட்டிவிட்டு, "இதுதான் முதல்ல" என்று சொல்லுங்கள். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று அழுத்தினால் பிள்ளை முன்னால் கவிழும். சின்ன விரல்களுக்கு பிரேக் எட்டாவிட்டால் கடைக்காரர் திருகைத் திருகிக் கிட்டே கொண்டுவந்து தருவார். விளையாட்டாகப் பழக்க, சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சக்கரம் கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்று பந்தயம் வையுங்கள்.

வழுக்கிப் போவது நன்றாக வந்ததும் பெடலை மாட்டுங்கள். ஒரு பெடல் கொஞ்சம் மேலே, முன்னால் இருக்கும்படி வைத்து அதை அழுத்திக் கிளம்பச் சொல்லுங்கள். நீங்கள் பிடிப்பதானால் ஹேண்டில்பாரையும் பிடிக்காதீர்கள், இருக்கையையும் பிடிக்காதீர்கள். பிடித்தால் சைக்கிளை ஓட்டுவது நீங்கள்தான். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் அக்குள் அருகே லேசாக வைத்துக்கொண்டு கூட ஓடுங்கள். சாய்ந்தால் தாங்குங்கள், நிமிர்ந்தால் விடுங்கள். "விட்டுடாதீங்கப்பா" என்று கேட்டால் சொல்லாமல் விடாதீர்கள். "இப்ப விடப்போறேன், கூடவே ஓடி வரேன்" என்று சொல்லிவிட்டு விடுங்கள். ஏமாற்றி விடுவது ஒருமுறை வேலை செய்யும். அடுத்த முறை பிள்ளை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டும், விழும்.

கண் முன்சக்கரத்தைப் பார்த்தால் சைக்கிள் தடுமாறும். நீங்கள் பத்து அடி முன்னால் போய் நின்று "என் மூக்கைப் பார்த்து வா" என்று சொல்லிப் பாருங்கள்.

தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே வேண்டும். பெடல் இல்லாதபோதும்தான். புருவத்துக்கு இரண்டு விரல் மேலே வரை இறங்கியிருக்க வேண்டும், தாடைப்பட்டைக்குள் ஒரு விரல்தான் நுழைய வேண்டும். நீளப் பாவாடை, துப்பட்டா, அவிழ்ந்த ஷூ லேஸ் மூன்றும் சங்கிலிக்கு ஆகாது. செருப்போடு ஓட்டவிடாதீர்கள்.

நம்ம ஊர் ஆட்டங்கள்

செலவே இல்லாத ஆட்டங்கள் நமக்கு ஏராளம். எந்த வயதுக்கு எது என்பதுதான் விஷயம். கண்ணாமூச்சி இரண்டரை வயதிலேயே தொடங்கலாம்; ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒளிந்துகொண்டு, "நான் இங்க இருக்கேன்" என்று அதுவே சொல்லிவிடும். கலர் கலர் என்ன கலர், கல்லா மண்ணா இரண்டும் மூன்று நான்கு வயதுக்கு. நொண்டியும் பாண்டியும் நான்கு வயதுக்கு மேல். அதற்குமுன் ஒற்றைக் காலில் தொடர்ந்து குதிக்க வராது. ஏழு கல் ஆட்டம் ஆறு வயதில் களைகட்டும். கோலிக்குண்டு ஐந்து வயதுக்கு மேல்தான், அதுவும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள்.

பம்பரம் மட்டும் தனி ரகம். ஏழு வயதுக்குக் கீழே பிள்ளையால் விட முடியாது, நீங்கள்தான் விட்டுக்காட்ட வேண்டும். ஆணிப் பக்கத்திலிருந்து சாட்டையை நெருக்கமாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் சுற்றிக்கொண்டே வந்து, மிச்சமுள்ள முனையை விரலில் மாட்டி, மண் தரையில் சொடுக்கி இழுத்தால் பம்பரம் தூங்கும். சுற்றுவது பிள்ளையின் வேலை, விடுவது உங்கள் வேலை என்று பிரித்துக்கொள்ளலாம். சுழலும் பம்பரத்தை உள்ளங்கையில் ஏற்றிப் பிள்ளையின் கைக்கு மாற்றுங்கள். அந்தக் குறுகுறுப்புக்காக மறுபடி மறுபடி கேட்கும். காற்றாடி விடுவதானால் சாதாரண நூல் போதும். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து உயிரையே எடுத்திருக்கிறது, தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் உண்டு.

இதில் எதுவுமே பையன் ஆட்டம், பெண் ஆட்டம் என்று கிடையாது. சென்னைக்காரர் திருஷ் காமினிதான் 2013 உலகக் கோப்பையில் சதம் அடித்து, மகளிர் உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியர் ஆனவர். பாண்டியில் உங்கள் பையனுக்கு ஆசை இருந்தால் அவனும் ஆடட்டும்.

தோற்றால் அழுகிறது, என்ன செய்ய?

எப்போதும் விட்டுக்கொடுப்பதும் சரியில்லை, எப்போதும் ஜெயிப்பதும் சரியில்லை. விட்டுக்கொடுப்பது ஐந்து வயதுக்குள் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். ஓட்டப் பந்தயத்தில் அது பத்து எட்டு முன்னால் நிற்கட்டும், நீங்கள் ஒற்றைக் காலில் வாருங்கள். கிரிக்கெட்டில் நீங்கள் இடது கையால் மட்டை பிடியுங்கள். அப்புறம் உண்மையாகவே ஆடுங்கள். சில நாள் நீங்கள் ஜெயிப்பீர்கள், சில நாள் பிள்ளை, இரண்டும் நிஜம்.

தோற்றதற்கு அழுதால் அழட்டும். "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்பதை நம் தாத்தாக்களோடு விட்டுவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுங்கள். அழுகை நின்றபிறகு "இன்னொரு ஆட்டமா, வீட்டுக்கா?" என்று கேளுங்கள். நீங்கள் தோற்கும்போது என்ன செய்கிறீர்கள் என்பதையும் அது பார்த்துக்கொண்டிருக்கும். டிவியில் மேட்ச் தோற்றால் ரிமோட்டை எறிகிற வீட்டில் பிள்ளையிடம் எதைச் சொல்லி என்ன?

வீட்டில் இரண்டு பிள்ளை என்றால் வாரத்தில் ஒரு நாளாவது ஒவ்வொன்றோடும் தனித்தனியாக இறங்குங்கள். இரண்டும் சேர்ந்த நாளில் அவர்களை எதிரெதிரே நிறுத்த வேண்டாம். இருவரும் ஓர் அணி, நீங்கள் எதிரணி.

தண்ணீர்

இதில் விளையாட்டுப் பேச்சு இல்லை. நீச்சல் குளம், ஆறு, பம்புசெட் தொட்டி எதுவானாலும் பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மூழ்கும் பிள்ளை கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். காற்றடித்த வளையத்தை நம்பிக் கரையில் உட்காராதீர்கள். கடற்கரையில் மணல் வீடு, ஈர மணலில் ஓட்டப் பந்தயம், கிளிஞ்சல் பொறுக்குவது போதும். கால் நனைப்பதானால் கையைப் பிடித்தபடி கணுக்கால் அளவு. மெரினாவில் இறங்கிக் குளிக்கத் தடை இருப்பது சும்மா இல்லை, அலை திரும்பும்போது இழுக்கும் வேகம் பெரியவர்களையே சாய்க்கும்.

அடிபட்டால்

முழங்கால் சிராய்ப்பு வராமல் யாரும் வளர்ந்ததில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு மண் போகக் கழுவி, சுத்தத் துணியால் ஒற்றி, பிளாஸ்திரி போடுங்கள். காபித்தூள், பற்பசை, விபூதி எதுவும் காயத்துக்குள் போகக்கூடாது. சுளுக்கு, வீக்கம் என்றால் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம். எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், எலும்பு விரிசலாக இருந்தால் கெட்டுவிடும்.

தலையில் அடிபட்டால் அன்று முழுவதும் கவனித்துக்கொண்டே இருங்கள். நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், வலிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. தெருநாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுசாக 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள்.

விடுமுறையில் ஊருக்கு வரும் அப்பாக்கள்

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்து, வருடத்துக்கு ஒருமுறை வருபவர்களுக்கு இது தனி. மூன்று வயதுப் பிள்ளை முதல் சில நாள் உங்களைப் பார்த்து அம்மா முந்தானைக்குப் பின்னால் ஒளியும். அள்ளித் தூக்காதீர்கள். வாசலில் உட்கார்ந்து நீங்களாகப் பந்தை உருட்டி விளையாடிக்கொண்டிருங்கள், பிள்ளை பக்கம் பார்க்கவும் வேண்டாம். பந்து அதன் காலடிக்குத் தற்செயலாகப் போகட்டும். திரும்பி வந்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது.

ஒரு விடுமுறைக்கு ஒரே ஒரு காரியம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் சைக்கிள், அடுத்த வருடம் நீச்சல். போன பிறகு போனில் பேச அதுவே விஷயமாகும்: "சைக்கிள் எதுவரைக்கும் போச்சு? கோயில் வரைக்குமா?"

கோச்சிங்கில் எப்போது சேர்ப்பது?

ஐந்து வயதிலேயே அகாடமியில் சேர்க்கச் சொல்லிக் கோடை விடுமுறையில் துண்டுப் பிரசுரம் வரும். வாஷிங்டன் சுந்தரின் அப்பாவும் கிரிக்கெட் ஆடியவர், அவரே மகனுக்குப் பயிற்சி கொடுத்தார், மகன் 18 வயதில் இந்தியாவுக்கு ஆடிவிட்டார் என்று உதாரணம் காட்டுவார்கள். உண்மைதான். அந்த அப்பா பயிற்சியாளராகவே இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே விளையாட்டில் மட்டும் மூழ்குவதைப் பதினைந்து பதினாறு வயது வரை தள்ளிப்போடுவதே நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் கருத்து. வளரும் எலும்பிலும் மூட்டிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுமை விழும், பிள்ளைக்குச் சலிப்பும் தட்டிவிடும்.

எட்டு வயதுக்குப் பிறகு பிள்ளை தானாகக் கேட்டால் சேருங்கள். சேர்க்கும் முன் ஒரு மாலை முழுக்க ஓரமாக நின்று பாருங்கள். சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டே நேரத்தைக் கழிக்கிறார்களா, எல்லார் கையிலும் பந்து இருக்கிறதா, பந்தைத் தவறவிட்டவனிடம் கோச் என்ன குரலில் பேசுகிறார், தண்ணீர் குடிக்க விடுகிறாரா, முடிந்து வரும் பிள்ளைகள் முகம் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். மாதக் கடைசியில் பிள்ளையிடம் "தொடரலாமா?" என்று கேட்டுவிட்டு மீதியைக் கட்டலாம். எது எப்படியானாலும் உங்கள் அரை மணி நேரத்தை கோச்சிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்; அகாடமி இல்லாத நாட்களில் அது அப்படியே இருக்கட்டும்.